இரண்டு வட்டு, ஒரே கணக்கு



ரப்பர் தோட்டங்களில் காலைப் பெரட்டு நடந்த காலத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஆண்களும் பெண்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். தண்டல் பெயர் கூப்பிடுவார். வந்தவர்களுக்குத் தம் கைப்புத்தகத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அதே பெயர்கள் பிறகு ஆபீசுக்குப் போய், கிராணியின் செக்ரோலில் ஏறும். சம்பளத்தன்று கூலி குறைந்திருக்கிறதே என்று யாராவது போய்க் கேட்டால், கிராணி செக்ரோலைப் புரட்டுவார். தண்டல் சட்டைப்பையிலிருந்து கைப்புத்தகத்தை எடுப்பார். ஒன்று மழையில் நனைந்து மை கலைந்திருந்தாலும் மற்றொன்று பேசும். அந்த இரண்டாவது ஏடு இல்லையென்றால் ஒரு நாள் கூலி போனது போனதுதான்.

இன்று அந்தச் செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது. சம்பளக் கணக்கு மட்டுமா? கூட்டுறவுச் சங்கத்தில் நாம் மாதாமாதம் கட்டிய பங்குப் பணம், ஆலயத்து நன்கொடைப் பட்டியல், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வருகைப் பதிவு, மருந்தகத்தில் நம் நோயின் விவரம் எல்லாமே ஏதோ ஓர் அலுவலகத்தின் மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. பல கணினிகளுக்கும் பொதுவாக இருந்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெட்டியைச் செர்வர் என்கிறார்கள். அதற்குள் கணக்கைத் தாங்கி நிற்பது வட்டு. கடையில் ஹார்ட் டிஸ்க் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதுதான். அந்த வட்டு ஒன்றே ஒன்றாக இருந்து, ஒரு நாள் காலையில் அது நின்றுவிட்டால் என்ன ஆகும்? நிற்காதபடி செய்ய முடியாது. ஆனால் ஒன்று நின்றாலும் வேலை நிற்காதபடி செய்யலாம். ஒரே கணக்கை இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதிவைக்கும் முறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது படித்த நிபுணர்களுக்கான பேச்சு, நமக்கு எதற்கு என்று வானொலியை மூடிவிட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பாலிடெக்னிக்கிலும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் படித்து, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கே வந்திருக்கிறார்கள். நாமோ சங்கத்தின் உறுப்பினர்களாக, ஆலய நிர்வாகத்தில் ஒருவராக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவராக இருக்கிறோம். பொதுக்கூட்டத்தில் எழுந்து இரண்டு சரியான கேள்வி கேட்கத் தெரிந்தாலே போதும். பல கணக்குகள் காப்பாற்றப்படும்.

முதலில் வட்டு ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். வட்டின் உள்ளே கண்ணாடி போல வழவழப்பான தகடுகள் சுழல்கின்றன. செர்வர்களில் வைக்கும் சாதாரண வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அஃதாவது ஒரு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. அந்தத் தகட்டின்மேல், படாமல், ஒரு சிறு எழுதுகோல் முனை மிதந்துகொண்டே எழுதுகிறது, படிக்கிறது. தகட்டுக்கும் முனைக்கும் இருக்கும் இடைவெளி நம் தலைமயிரின் தடிப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தூசி நுழைந்தால் போதும், கதை முடிந்தது. இதனால்தான் இவற்றைச் செய்யும் ஆலைகளில் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடை போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கியது; பின்னாளில் வட்டும் வட்டுப் பாகங்களும் செய்யும் ஆலைகள் அங்கே எழுந்தன. ஆலைப் பேருந்து தோட்டத்து வாசலுக்கே வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன நாள்கள் சிலருக்கு நினைவிருக்கும். இந்தப் பேச்சைக் கேட்பவர்களில் அந்த வெள்ளை உடை போட்டவர்களும் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவு நுட்பமான பொருள் எத்தனை நாள் உழைக்கும்? 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் இருவரும் ஏறக்குறைய ஓர் இலட்சம் வட்டுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். விற்பவர்களின் ஏட்டில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடக் கெடாது என்றிருந்தது. உண்மையில் மாற்றப்பட்டவை பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 4. சில இடங்களில் 13 வரைகூடப் போயிற்று. அதே ஆண்டு கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார்கள். வட்டு தன் உடம்பைத் தானே சோதித்து அறிகுறி காட்டும் வசதி ஒன்று உண்டு. ஆனால் கெட்டுப்போன வட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்னால் காட்டவில்லை. காய்ச்சல் இல்லாமலே படுத்துவிடும் நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, சத்தம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது கணக்காகாது.

ஒன்றுக்கு இரண்டாக வைக்கும் எண்ணம் புதிதன்று. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுப் பெட்டியில் இரண்டடி அகலத் தகடுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. அந்தப் பெட்டியை இரண்டாக வாங்கி வைக்க யாரால் முடியும்? 1976-இல் டாண்டம் என்ற நிறுவனம், நிற்கவே கூடாத வங்கி வேலைகளுக்கென்று ஒரு கணினியைக் கொண்டுவந்தது. அதில் வட்டுகள் இரட்டையாக இருந்தன. பிறகு 1988-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தாங்கும்படி செய்யலாம் என்பது அதன் சாரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்டு. போலீஸ் ரெய்டு அல்ல, பயப்பட வேண்டாம். அவர்கள் வரிசைப்படுத்திய முறைகளில் முதல் எண் பெற்றது இரட்டை வட்டு முறை. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் கண்ணாடியில் தெரிவது போல அப்படியே விழுவதால், மிரர் என்றும் சொல்வார்கள். மேலே 2007-ஆம் ஆண்டு ஆய்வில் வந்த கார்த் கிப்சனும் இந்தக் கிப்சனும் ஒருவரே.

இரட்டை வட்டில் வேலை நடப்பது இப்படித்தான். அலுவலகத்தில் ஒருவர் உங்கள் சந்தாப் பணத்தைப் பதிவு செய்கிறார். செர்வர் அதை முதல் வட்டிலும் எழுதும், இரண்டாம் வட்டிலும் எழுதும். இரண்டிலும் எழுதியானதும்தான் ஆயிற்று என்று சொல்லும். படிக்கும்போது எந்த வட்டு ஓய்வாக இருக்கிறதோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு வட்டு செத்துவிட்டால் மற்றொன்று தனியாக வேலையைத் தொடரும். கவுண்டரில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நான்கு டெராபைட் வட்டு இரண்டு வாங்கினாலும் நமக்குக் கிடைக்கும் இடம் நான்கு டெராபைட்தான். பாதி வீண் என்று பொருளாளர் முகம் சுளிப்பார். தண்டலின் கைப்புத்தகத்துக்கும் தோட்டத்தார் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் இரண்டு வட்டுப் பெட்டிகளில் முதன்முதலாகப் பொருத்தும்போது சைபரா, ஒன்றா என்று கேட்கும். சைபர் என்று சொன்னால் இடம் இரட்டிப்பாகும், வேகமும் கூடும். ஆனால் கணக்கைத் துண்டு துண்டாக்கி இரண்டிலும் மாற்றி மாற்றி எழுதும். எதாவது ஒன்று கெட்டால் இரண்டும் போயின. ஒற்றை வட்டைவிட மோசம். இடம் பெரிதாகக் காட்டுகிறதே என்று மகிழ்ந்து சைபரை அமுக்கியவர்கள் பலர்.

இனி அமைக்கும் முறை. வட்டு இரண்டும் ஒரே கொள்ளளவாக இருக்கட்டும். ஆனால் ஒரே நாள் ஒரே ஆலையில் ஒரே பெட்டியிலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டாம். ஒரே குறையோடு பிறந்தவை ஒரே காலத்தில் சாகக்கூடும். இரண்டு வேறு கம்பெனி, அல்லது ஒரே கம்பெனியாயினும் இரண்டு வேறு கடை, வேறு மாதம் என்று வாங்குவது நல்லது. நான்கு டெராபைட் என்று எழுதியிருந்தாலும் ஒன்றுக்கொன்று சில மெகாபைட் கூடக்குறைய இருக்கலாம். நாளை வாங்கும் மாற்று வட்டு இம்மியளவு சிறிதாக இருந்தாலும் சேராது. ஆகவே முதலிலேயே ஒவ்வொரு வட்டின் கடைசியிலும் நூறு மெகாபைட் அளவு இடத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இரட்டையாக எழுதும் வேலையைத் தனி அட்டை ஒன்று செய்யலாம். செர்வரின் மென்பொருளே செய்யலாம். அட்டை வேகமானதுதான். ஆனால் பழைய அட்டை ஒரு நாள் கெட்டுப்போனால், அதே வகை அட்டையைத் தேடி அலைய வேண்டிவரும். வேறு அட்டைக்கு அந்த வட்டுகளின் எழுத்து புரியாமல் போகலாம். சிறு சங்கங்களுக்கு மென்பொருள் வழியே போதும் என்பது என் கருத்து. லினக்ஸ் என்ற இலவச இயங்குமுறையில் இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. எம்.டி.ஏ.டி.எம். என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் 2001-இல் எழுதத் தொடங்கியது. நம் பிள்ளைகள் இதை ஐந்தெழுத்து என்று கேலியாகச் சொல்வார்கள். இரண்டு வட்டையும் பெயர் சொல்லி, இவை இரண்டும் இனி ஒன்று என்று ஒரே வரியில் அதற்குக் கட்டளையிட வேண்டும். உடனே முதல் வட்டில் உள்ளதை இரண்டாவதற்கு நகல் எடுக்கத் தொடங்கும். நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தால், நான்கு டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்திலும் செர்வரைப் பயன்படுத்தலாம். ஆனால் நகல் முடியும்வரை அது இரட்டை வட்டு அல்ல, ஒற்றை வட்டுதான் என்பதை மறக்கக் கூடாது.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கணினியைக் காலையில் எழுப்பும் சிறு பகுதி ஒன்று வட்டின் தொடக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் அது முதல் வட்டில் மட்டுமே அமைந்துவிடும். கணக்கு இரண்டிலும் இருக்கும். எழுப்பும் பகுதி ஒன்றில்தான். முதல் வட்டு செத்து, யாரோ மின்சாரத்தை அணைத்துப் போட்டால், செர்வர் எழுந்திருக்காது. கணக்கு உள்ளே பத்திரமாக இருக்கும், கதவு திறக்காது. ஆகவே எழுப்பும் பகுதியையும் இரண்டிலும் வைக்கச் சொல்லுங்கள். வைத்த பிறகு சோதனையும் செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை மாலை செர்வரை முறையாக நிறுத்தி, முதல் வட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் நிம்மதி. பிறகு அதைத் திரும்ப மாட்டி, இரண்டும் ஒன்றாகும்வரை காத்திருந்து, அடுத்த முறை இரண்டாவதைக் கழற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமலே எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்களிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருப்பேன்.

இன்னொரு சிறு வேலை. வட்டின்மேல் ஒரு தொடர் எண் அச்சிட்டிருக்கும். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, வட்டு உட்காரும் தட்டின் வெளியே ஒட்டுங்கள். செர்வர் தன் மொழியில் இதை ஏ என்றும் அதை பி என்றும் அழைக்கும். மறுமுறை எழும்போது பெயரை மாற்றி வைத்துக்கொள்ளவும் கூடும். தொடர் எண் மட்டும் மாறாது. ஏ கெட்டது என்று கேட்டு, அவசரத்தில் நல்ல வட்டை உருவியெடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அமைப்பது ஒரு நாள் வேலை. பார்த்துக்கொள்வதுதான் ஆண்டுக்கணக்கான வேலை. இதற்கு நான் நேரில் அறிந்த ஒரு சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் சேர்ந்து நடத்திய சிறு கூட்டுறவுச் சங்கம். ஓர் இளைஞர் நல்ல முறையில் இரட்டை வட்டு அமைத்துக் கொடுத்தார். வட்டு ஒன்று கெட்டால் தமக்கு மின்னஞ்சல் வரும்படியும் செய்திருந்தார். பிறகு அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். 2015 மார்ச்சில் ஒரு வட்டு செத்தது. செர்வர் தன் கடமையைச் செய்தது. நாள் தவறாமல் ஒரு கடிதம் அனுப்பிற்று. எங்கே? யாரும் திறந்து பார்க்காத அந்த இளைஞரின் பழைய அலுவலக முகவரிக்கு. பெட்டியின் முன்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் நான் கேட்டபோதுகூட எழுத்தர், "விளக்கு எரியுதே அண்ணே, நல்லாத்தான் ஓடுது" என்றார். பதினொரு மாதம் ஓடிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில், ஆண்டுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இரண்டாவதும் நின்றது.

அதன் பிறகு என்ன செய்வது? உறுப்பினர்கள் எல்லாரும் சந்தாப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். புத்தகம் வைத்திருந்தவர்களின் கணக்கு திரும்பக் கிடைத்தது. ஓர் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கணவர் காலமாகிவிட்டார். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது அவர் புத்தகம் எங்கோ போய்விட்டது. சங்கத்து அலமாரியில் பழைய ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் கரையான் அரித்தது போக மிச்சம் இருந்தன. அவற்றைப் பிரித்து உட்கார்ந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த அம்மாவின் கணவர் பெயரை ஒவ்வொரு அடிக்கட்டையாகத் தேடினோம். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அப்படியும் இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்குச் சான்று இல்லை. அந்தத் தொகை அவருக்கு வரவே இல்லை.

இரட்டை வட்டு இருந்ததே, ஏன் காப்பாற்றவில்லை என்று அவர் கேட்டார். அது இரட்டையாக இருந்த காலம் முடிந்து பதினொரு மாதமாகிவிட்டது என்பதுதான் பதில். ஆனால் அதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

பார்த்துக்கொள்ளும் முறை கடினமன்று. லினக்ஸ் செர்வரில் வட்டுகளின் நிலையைக் காட்டச் சொன்னால், சதுர அடைப்புக்குள் இரண்டு யூ எழுத்துகளைக் காட்டும். இரண்டும் நலம் என்று பொருள். ஒன்று போய்விட்டால் அதன் இடத்தில் ஒரு கீழ்க்கோடு மட்டும் நிற்கும். பெரட்டுக்கு வராதவர் பெயருக்கு எதிரே விட்ட வெற்றிடம் போல. வாரம் ஒரு முறை இதைப் பார்த்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எச்சரிக்கைக் கடிதம் தனி ஒருவர் முகவரிக்குப் போகாமல், செயலாளர், பொருளாளர், கணினி பார்ப்பவர் மூவருக்கும் போகட்டும். நிர்வாகம் மாறும்போது முகவரியும் மாற வேண்டும். சோதனைக் கடிதம் அனுப்பும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

இதோடு ஒரு மாதாந்திர வேலையும் உண்டு. வட்டில் நெடுநாளாக யாரும் படிக்காத மூலைகள் இருக்கும். அங்கே எழுத்து மங்கிப் போயிருந்தாலும் தெரியாது. ஒரு வட்டு செத்து, மற்றதிலிருந்து முழுவதையும் நகல் எடுக்கும் நாளில்தான் அந்த மூலை வாயைத் திறக்காமல் நிற்கும். எனவே மாதம் ஒரு முறை இரண்டு வட்டையும் முழுவதும் படித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு பின்னிரவில் இது தானாகவே நடக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு வட்டும் முரண்பட்டால் எது மெய் என்று சாதாரண இரட்டை வட்டுக்குத் தெரியாது. இரண்டு சாட்சிகள், நீதிபதி இல்லை. இசட்.எஃப்.எஸ். என்ற முறை எழுதும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைப்பதால் பொய்ச் சாட்சியைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். புதிதாக அமைப்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

நம் நாட்டில் இடிக்கும் மின்னலுக்கும் குறைவில்லை. ஒரே மின்கம்பியில் தொங்கும் இரண்டு வட்டுக்கும் ஒரே மின்னல் போதும். ஆகவே யூ.பி.எஸ். என்னும் பேட்டரிப் பெட்டி கட்டாயம் இருக்கட்டும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தொடக்கத்தில் செக்ரோலையும் கைப்புத்தகத்தையும் சொன்னேன். இரட்டை வட்டு அதைப் போன்றது என்று நினைத்துக் கேட்டிருப்பீர்கள். ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தண்டல் எழுதியது ஒரு கை. கிராணி எழுதியது வேறு கை. கிராணி தவறாக ஒரு பெயரை அடித்துவிட்டாலும் தண்டலின் ஏட்டில் அது நிற்கும். இரட்டை வட்டிலோ எழுதுவது ஒரே கை. எழுத்தர் தவறி உங்கள் பெயரை அழித்தால் அதே நொடியில் இரண்டு வட்டிலும் அழிந்துவிடும். ஒன்றில் புகுந்த கிருமி இரண்டிலும் புகும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற கிருமி ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டுப் போட்டுவிட்டுப் பணம் கேட்டது. அப்படிப்பட்ட கிருமிக்கு முன் எத்தனை இரட்டை வட்டு இருந்தாலும் பயனில்லை. பூட்டையும் இரண்டு மடங்காக எழுதிக் கொடுக்கும். திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால், வெள்ளம் புகுந்தால், அப்போதும் அதே கதிதான்.

ஆகவே மூன்றாவது ஏடு ஒன்று வேண்டும். அதைக் காப்புப் பிரதி, பேக்கப் என்கிறார்கள். தினமும் மாலையில், அல்லது வாரம் ஒரு முறையாவது, கணக்கைத் தனி வட்டில் நகல் எடுத்து, கம்பியைக் கழற்றி, வேறு ஒரு கட்டடத்துக்கு எடுத்துப் போய்விட வேண்டும். கழற்றாமல் மாட்டியே வைத்திருந்தால் கிருமி அதையும் தொடும். இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று எப்போதும் வெளியே இருக்கும். நேற்றைய நகல் மட்டும் போதாது. போன மாதக் கடைசி நகலும் இருக்கட்டும். ஒரு தவறு மூன்று வாரம் கழித்துத்தான் கண்ணில் படலாம். நான் சொன்ன சங்கத்தில் பேக்கப் இல்லாமல் இல்லை. அதே செர்வரில், அதே வட்டில், பேக்கப் என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் இருந்தது. ஏட்டின் நகலை அதே ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தது போல!

பொதுக்கூட்டத்தில் இரண்டு கேள்வி கேட்கலாம் என்றேன். அவை இவைதாம். நம் கணக்கு இருக்கும் வட்டு இரட்டையாக இருக்கிறதா, கடைசியாக யார், எந்தத் தேதியில் பார்த்தார்? பேக்கப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு கணக்கையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா? இரண்டாவது கேள்வியின் பிற்பாதிக்குப் பதில் சொல்ல மேடையில் இருப்பவர்கள் சற்றுத் தடுமாறுவார்கள். விடாதீர்கள்.

வட்டு ஒன்று கெட்டால் மாற்றும் முறையையும் சொல்லி முடிக்கிறேன். பதற்றம் வேண்டாம், மற்ற வட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் வேலை, அன்றைய பேக்கப் எடுப்பது. நகல் எடுக்கும்போது மிச்சமிருக்கும் வட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் கடும் உழைப்பு. அதுவும் வயதானதுதான், அப்போதே சாயலாம். பேக்கப் ஆனதும், கெட்டது எது என்று செர்வரிடம் தொடர் எண்ணைக் கேட்டு, ஒட்டிய தாளோடு ஒப்பிடுங்கள். அந்த வட்டை இனி எண்ணாதே என்று மென்பொருளுக்குச் சொல்லி நீக்கிவிடுங்கள். ஓடும்போதே கழற்றும் வசதி இல்லாத பெட்டியானால் முறையாக நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். புதியதை மாட்டி, பழையதைப் போலவே பிரித்து, எழுப்பும் பகுதியையும் அதில் வைத்து, தொகுதியில் சேருங்கள். நகல் எத்தனை விழுக்காடு ஆயிற்று என்று செர்வரே காட்டும். கீழ்க்கோடு மறைந்து மீண்டும் இரண்டு யூ வந்ததும் நோட்டில் தேதி எழுதுங்கள். மாற்று வட்டு ஒன்றை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருந்தால், பெருநாள் விடுமுறையில் கடை அடைத்திருக்கும்போது கைபிசைய வேண்டியிருக்காது.

கழற்றிய வட்டை என்ன செய்வது? குப்பையிலும் போடக் கூடாது, பழைய சாமான் வாங்க வருபவரிடமும் கொடுக்கக் கூடாது. இரட்டை வட்டில் ஒவ்வொன்றும் முழுக் கணக்கையும் தாங்கியிருக்கிறது. ஓடவில்லை என்று நாம் ஒதுக்கியதை வேறொருவர் பழுது பார்த்துப் படித்துவிடக்கூடும். நம் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நிர்வாகத்தினர் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தகடுகளைச் சுத்தியால் நொறுக்கச் சொல்லுங்கள். சில வட்டுகளில் தகடு கண்ணாடியால் ஆனது, தெறிக்கும். பழைய சாக்கைச் சுற்றிவிட்டு அடியுங்கள், கண்ணுக்கும் காப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நொறுக்கிய தேதியையும் தொடர் எண்ணையும் அதே நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திடட்டும்.